இரண்டு சாண் இடைவெளி

அன்று காலை ஆசி வாங்க அடுக்களைக்குள் வந்த மருமகளைப் பார்த்ததும் எர்சிலியா இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள். நகர்ந்ததோடு விடாமல், காபி வடிகட்டும் துணியைத் தனக்கும் அவளுக்கும் நடுவில் திரை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயே நில்லு யஹைரா. ஆசி அங்கருந்தே வாங்கிக்கலாம். கடவுள் ஆசீர்வதிக்கட்டும்."

ஆறு மாத வயிற்றோடு யஹைரா அப்படியே நின்றாள். முத்தத்துக்காக நீட்டிய முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் சின்னவர்கள் பெரியவர்களின் கன்னத்தில் முத்தமிட்டு ஆசி கேட்பது அந்த வீட்டில் முகம் கழுவுவதைப் போல. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களில்கூட அது மட்டும் நிற்காது.

முற்றத்தில் உட்கார்ந்து காபிக்குக் காத்திருந்தாள் ஒந்தினா. எர்சிலியாவின் நாத்தனார். பக்கத்துத் தெருவில் தனி வீடு இருந்தும், காலைக் காபிக்குத் தம்பி வீட்டுக்குத்தான் வருவாள். காபியோடு ஏதாவது சேதியும் கிடைத்தால் அவளுக்கு அந்த நாள் நல்ல நாள்.

"தவக்காலத்துல எல்லாரும் கறியைத்தான் விடுவாங்க. நீ மருமகளையே விட்டுட்டியா எர்சிலியா?" என்றாள்.

எர்சிலியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பிலிருந்த வாழைக்காயைக் கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ மசிந்துவிட்டிருந்தது. யஹைரா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒந்தினா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எர்சிலியாவின் ஒரே மகன் ராமிரோ மினி பஸ் ஓட்டுகிறவன். சொந்த ஊரான தெனாரெஸிலிருந்து கடற்கரை ஊரான நாகுவா வரை போய்வருவான். அப்படிப் போன இடத்தில் யஹைராவைப் பார்த்து, பாதிரியாரிடம்கூடச் சொல்லாமல் ஒரு நாள் அவளை வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்துவிட்டான். ரொட்டிக்கடைக்காரர் மகளை மனதில் நினைத்து வைத்திருந்த எர்சிலியா முதல் சில மாதங்கள் மருமகளோடு உப்பு, சர்க்கரை அளவுக்குத்தான் பேசினாள். அப்புறம் யஹைராவே வழி கண்டுபிடித்தாள். அவள் முடி அலங்காரக் கடையில் வேலை பார்த்தவள். ஒரு சனிக்கிழமை, கேட்காமலேயே மாமியார் தலையில் சுருள் சுற்றிவிட்டாள். மறு சனிக்கிழமை எர்சிலியாவே முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தலைமுடி வழியாக வந்த சமாதானம் அது. வயிற்றில் குழந்தை என்று தெரிந்ததும் அது இன்னும் பலப்பட்டது. இப்போது திடீரென்று, எந்தக் காரணமும் சொல்லாமல், எர்சிலியா அதைத் தூக்கி எறிந்தது போல இருந்தது.

காரணம் அவள் ரவிக்கைக்குள் இருந்தது.

இரண்டு நாளாக இடது பக்க விலாவில் எரிச்சல். குளிக்கும்போது பார்த்தாள். மார்புக்குக் கீழிருந்து முதுகுத்தண்டு வரை கயிறு சுற்றியது போலச் சிவந்து, மேலே கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். அக்கி. எங்கள் பக்கத்தில் அதைக் குட்டிப்பாம்பு என்றுதான் சொல்வோம். தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் ஊர்ந்துபோய், உடம்பைச் சுற்றி இரண்டும் தொட்டுக்கொண்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதை நம்பாதவர்கூட ரகசியமாக ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்வார்.

எரிச்சலுக்குக் களிம்பு வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைப் பெண் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னாள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொப்புளம் காய்ந்து உதிரும் வரை அவளிடம் நெருங்க வேண்டாம். சின்னம்மை போடாத உடம்பாக இருந்தால் இதிலிருந்து அது தொற்றலாம், வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. டாக்டரிடம் போகவும் அவள் சொல்லியிருக்கிறாள். அது எர்சிலியாவின் காதில் ஏறவில்லை. குழந்தைக்கு ஆகாது என்பதிலேயே காது நின்றுவிட்டது.

அதை மருமகளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கர்ப்பிணியின் காதில் குட்டிப்பாம்பு என்ற பேச்சே விழக்கூடாது. விழுந்தால் பயத்தின் தடம் குழந்தையின் உடம்பில் விழும் என்பார்கள். யஹைராவோ முந்தின கர்ப்பம் நிற்காமல் போனவள். ஓணானைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறி நிற்பவள். அவளிடம் போய்ப் பாம்பு என்று சொல்ல எர்சிலியாவுக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் கெட்ட மாமியாராக இருந்துவிட்டுப் போகிறேன், குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே நாவிதர் சிப்ரியானோவிடம் போனாள். ஊரில் குட்டிப்பாம்புக்கு மந்திரிப்பவர் அவர்தான். கறுப்பு மையால் தலைப்பக்கம் ஒரு வேலி, வால்பக்கம் ஒரு வேலி போட்டு, உள்ளே ஜெபத்தைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுவார். காசு வாங்க மாட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னாலும் மந்திரம் முறிந்துவிடும் என்று கோபிப்பார். எழுதி முடித்ததும் கையை விரித்து, தலைக்கும் வாலுக்கும் நடுவில் மிச்சமிருந்த நல்ல தோலை அளந்தார். இரண்டு சாண். இது பாம்பில்லை தாயே, மண்புழு என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்து அனுப்பினார்.

கணவனிடம் மறைக்க முடியவில்லை. எவாரிஸ்தோ மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். கறை விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மறுநாள் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது கிரீஸ் இல்ல. மை. யாருக்கும்மா படுத்துக்கிட்டே லெட்டர் எழுதுன?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. முதலில் இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். இரண்டு சாண் என்றதும் உயிர் வந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் சொல்ல மாட்டேன் என்று செத்துப்போன தன் அம்மாமேல் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் அடுத்த ஐந்து வாரம் அவர் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

பலகைச் சுவர் வீடு அது. ஒரே துவாலை, ஒரே கண்ணாடி, ஒரே குளியலறை. எவ்வளவு ஒதுங்கினாலும் ஒரு நாளில் பத்து தடவை இடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எர்சிலியா மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை எடுத்தாள். ஈஸ்டர் வரைக்கும் யஹைரா ஒந்தினா வீட்டில் போய் இருக்கட்டும், அங்கே காற்றோட்டம் அதிகம் என்றாள்.

ராமிரோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"நேராவே சொல்லும்மா. அவ இங்க இருக்கறது உனக்குப் பிடிக்கல."

"ஈஸ்டருக்கு அப்புறம் பேசிக்கலாம்டா."

"முத்தம் குடுக்க வந்தா ஓடற. அவ தொட்ட டம்ளரை நீ தொடறதில்ல. சனிக்கிழமை தலைக்குச் சுருள் வேணாம்னுட்ட. ஊரே பாக்குதும்மா. ரொட்டிக்கடைக்காரர் மக இன்னும் உன் மனசுலயே குடியிருக்காளா?"

எவாரிஸ்தோ வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் எர்சிலியா அவர் காலை ஓங்கி மிதித்தாள். அவர் ஐயோ என்று கத்திவிட்டு, சோறு சூடு என்று சொல்லிச் சமாளித்தார்.

யஹைரா அழுதுகொண்டேதான் கேட்டாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை... திருத்திக்கறேன். இப்படி எட்ட நின்னு பாக்காதீங்க..."

எர்சிலியாவின் விலாவில் அந்த நேரம் பார்த்து நெருப்பு இழுத்தது. பல்லைக் கடித்தாள். அந்த முகத்தைத்தான் மருமகள் பார்த்தாள். வெறுப்பின் முகம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பதில்கூட வரல பாரு" என்று எழுந்தான் ராமிரோ. "நாங்க போறோம். குழந்தை அவங்க ஊர்லயே பொறக்கட்டும். உனக்கு ஒரே ஒரு பாட்டிதான்னு சொல்லி வளத்துக்கறோம்."

துணிமூட்டையோடு அவர்கள் ஒந்தினா வீட்டுக்குப் போனார்கள். பிரசவத்துக்கு முன்னால் நாகுவாவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. எர்சிலியா கதவோரம் நின்று பார்த்தாள். பேரப்பிள்ளையைக் காப்பாற்றப் போய் பேரப்பிள்ளையையே இழந்துவிடுவோமோ என்று அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

இதையெல்லாம் எர்சிலியா, என் அம்மா, எனக்குப் பின்னாளில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தலைநகரில் வேலையிலிருந்த எனக்கு அப்போது தொலைபேசியில் வந்தது ஒந்தினா அத்தையின் கட்சி மட்டும்தான். அம்மாவை நான் இங்கே பெயர் சொல்லியே எழுதுகிறேன். அவள் போனபிறகு அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வீட்டில் ஆள் குறைந்துவிட்டது.

தவக்காலம் முழுக்க எவாரிஸ்தோதான் தூதுவர். எர்சிலியா சமைத்ததை வாளியில் எடுத்துக்கொண்டு போவார். யஹைரா பாத்திரத்தைக் கழுவி, காலியாகத் திருப்பி அனுப்புவாள். எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தைக் காலியாக அனுப்புவது கதவைச் சாத்துவதற்குச் சமம். எர்சிலியா அந்தப் பாத்திரத்தைத் துடைத்துவிட்டு மறுநாளும் நிரப்புவாள். கோயில் வாசலில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு தெரு தள்ளி நாவிதர் கடைக்குப் போய் மை போட்டுக்கொண்டு வருவாள். ஒரு தடவை சிப்ரியானோவே கேட்டுவிட்டார், வீட்டில் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று. உங்க வேலை பாம்போட மட்டும் என்று சொல்லிவிட்டாள் அவள்.

கொப்புளங்கள் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, கடைசியில் தோல் மட்டும் கன்றிப்போய்க் கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று காலை சிப்ரியானோ கடைசித் தடவையாக அளந்தார். இரண்டு சாண் இரண்டு சாணாகவே இருந்தது. பாம்பு செத்தது, வலி கொஞ்ச நாள் இருக்கும், பாம்பு போனாலும் தடம் வலிக்கும் என்றார். நன்றி சொல்ல வந்த வாயை எர்சிலியா கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் பெரிய அண்டா ஏறியிருந்தது. புனித வாரத்து இனிப்பு அவரைப் பாயசம். அவரையை அரைத்து வடிகட்டி, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பட்டையும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்தால், வாசனையே அடுத்த தெருவைக் கூப்பிட்டுவிடும். புனித வாரத்தில் பாட்டு வைக்கக் கூடாது என்பதால் எவாரிஸ்தோ பாட்டே இல்லாமல் அண்டாவைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். "ரெண்டு சாண்... ரெண்டு சாண்..." என்பதுதான் தாளம். சத்தியத்திலிருந்து விடுதலை கிடைத்துவிட்டதால் என்னைப் பார்த்ததும் முழுக் கதையையும் கொட்டிவிட்டார். முதல் பாத்திரத்தைத் தானே மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கட்டிப்பிடித்து, எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றாள் எர்சிலியா. அவள் அப்படிச் சிரித்து நான் ரொம்ப நாள் பார்க்கவில்லை.

கிளறிக்கொண்டிருந்தவள் ஒரு தடவை கரண்டியை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். தடம் வலிக்குது என்றாள். நெற்றியில் வேர்வை. அடுப்பு வெக்கை என்று நினைத்தோம். பாத்திரத்தைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் நானும் அப்பாவும் ஊர்வலம் போல.

ஒந்தினா வீட்டில் கதவைத் திறந்தது யஹைராதான். மாமியாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது தெரிந்தது. எர்சிலியா பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இவ்வளவு நாளும் எனக்கு உடம்புல குட்டிப்பாம்பு. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னாங்க... அதான் உன்னைத் தொடல. இப்ப உதிர்ந்துடுச்சு."

உள்ளிருந்து ஒந்தினா பாய்ந்து வந்தாள். "அடிப்பாவி, தலையும் வாலும் தொட்டுச்சா?"

"தொடல அண்ணி. ரெண்டு சாண் இடம்."

ஒந்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். எவாரிஸ்தோ பெருமையாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், வீட்டில் எல்லோருக்கும் பாரம் இறங்கிவிட்டது. தொடவில்லை என்றால் சாவு இல்லை. வெளுத்துப்போன முகத்தையோ, ஈரமான ரவிக்கையையோ யாரும் பார்க்கவில்லை. பாயசத்துக்குக் கிண்ணம் எடுத்தார்கள். நானும்தான் எடுத்தேன்.

யஹைரா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குட்டிப்பாம்பு என்று கேட்டதற்கு அவள் பயப்படவும் இல்லை. மாமியாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இப்ப எங்க வலிக்குது?"

"அது பழைய வலிதான்மா."

"பழைய வலி எப்படி இருக்கும்?"

"மேல துணி பட்டாலே எரியும்... மொளகா தேச்ச மாதிரி."

"இப்பவும் அப்படித்தான் எரியுதா?"

எர்சிலியா கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. இது எரியல. யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி... தாடை வரைக்கும் இழுக்குது."

"அப்ப இது வேற" என்றாள் யஹைரா. அவள் அப்பா சாப்பாட்டு மேசையில் இதே நிறத்தில் உட்கார்ந்திருந்தாராம். வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்தார்களாம். டம்ளரைத் திருப்பி வாங்கக்கூட நேரமில்லையாம். சொல்லிக்கொண்டே அவள் மாமியாரின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தொடுகை அதுதான். அழக்கூட இரண்டு பேருக்கும் அவகாசமில்லை.

ராமிரோ அப்போதுதான் தெருமுனையில் நாகுவாவுக்கு நடை கிளம்ப வண்டியை நிறைத்து வைத்திருந்தான். பெரிய வியாழன் கூட்டம் என்றால் கேட்க வேண்டாம். கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள், சொந்த ஊருக்குப் போகிறவர்கள், எல்லோர் மடியிலும் ஒரு பாயசப் பாத்திரம். வண்டி போகும் வழியில்தான் மகொரிஸ் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு யஹைரா வருவதைப் பார்த்தவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"அம்மாவ எங்க கூட்டிட்டுப் போற?"

"ஆஸ்பத்திரிக்கு. கேள்வியெல்லாம் ஓட்டிக்கிட்டே கேளு."

பயணிகளில் ஒருவரும் இறங்கவில்லை. இறங்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார்கள். முன் இருக்கைப் பெரியவர் இடம் விட்டுவிட்டு ஒரு சாக்குமூட்டைமேல் போய் உட்கார்ந்தார். ஒரு பெண் கடல் குளியலுக்கு வைத்திருந்த துண்டை விசிறியாக்கினாள். ஒரு கும்பல் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தது. ஜன்னலோரம் இருந்த மீன்காரர் தன் வெள்ளைச் சட்டையையே கழற்றி வெளியே வீசிக்கொண்டு, வழி விடு, வழி விடு என்று கத்தினார். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ராமிரோ ஹாரனில் கை வைத்தபடி ஓட்டினான். கண்ணாடியில் அவன் கண் அம்மாமேலேயே இருந்தது. யஹைரா எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏன் தொடவில்லை, ஏன் அனுப்பினாள் என்பதை. பாதி வழியில் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். சாக்குமூட்டைப் பெரியவர் அதட்டினார்.

"அழுகைய ஆஸ்பத்திரியில வச்சுக்க தம்பி. ரோடு தெரியணும்ல."

மாரடைப்புதான். உறைந்த ரத்தத்தைக் கரைக்க உடனே மருந்து ஏற்றினார்கள். பிறகு ரத்தக்குழாயிலிருந்த அடைப்பை எடுத்தார்கள். வெளியே ஆஸ்பத்திரி முற்றத்தில் மினி பஸ் ஆட்கள் பாதிப் பேர் போகாமல் காத்திருந்தார்கள். ஆபத்து தாண்டியது என்று செய்தி வந்ததும் காவலாளியில் தொடங்கி எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார்கள். யார் பாயசம் கெட்டி, யார் பாயசம் நீர் என்று சண்டைகூட நடந்தது.

எங்களைக் கூப்பிட்டுப் பேசிய டாக்டர் சின்ன வயசுப் பெண். அக்கி எப்போது வந்தது என்றுதான் முதலில் கேட்டார். எவாரிஸ்தோ உடனே, தலையும் வாலும் தொடவே இல்லை டாக்டர், ரெண்டு சாண் என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஊரும் எங்கள் பக்கம்தான் போல.

"அது தொடவே தொடாது ஐயா. ஒரு பக்கத்து நரம்பு வழியா வர்றது. அந்தப் பக்கத்தோட நின்னுடும். அதனால அளக்கறவர் எப்பவும் ஜெயிப்பார். ஆனா நாம பயப்பட வேண்டியது அந்த இடத்துல இல்ல."

அப்புறம் நிதானமாகச் சொன்னார். சின்ன வயதில் போட்ட சின்னம்மைதான் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, வயதான பிறகு அக்கியாக எழுகிறது. எழும்போது உடம்புக்குள் ஓர் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. ரத்தக்குழாய் வரைக்கும் அது போகலாம். அக்கி வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் அது வந்து போன வாரங்களிலும் மாதங்களிலும் மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எர்சிலியாவுக்கு ரொம்ப நாளாகவே ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இனி யாருக்காவது அக்கி வந்தால் கொப்புளம் கிளம்பிய உடனே வர வேண்டும், மாத்திரை இருக்கிறது, காய்ந்த பிறகும் நெஞ்சைக் கவனிக்க வேண்டும் என்றார்.

"தடம் வலிக்குதுன்னு வீட்டுலயே உக்காந்திருந்தீங்கன்னா... இந்தம்மா சரியா கேட்டாங்க" என்று யஹைராவைக் காட்டினார்.

ஒந்தினா எழுந்து யஹைராவுக்குத் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் எர்சிலியாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். நெஞ்சில் ஒட்டிய கம்பிகளோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். ராமிரோ கட்டிலருகே முழங்காலிட்டு அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, நீ என்னத்தைச் சொன்ன, எனக்கு எதுவும் ஞாபகமே இல்ல என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவளுக்கே கண் நிறைந்துவிட்டது.

பிறகு யஹைராவைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டியா? உனக்கு, புள்ளைக்கு, ஒண்ணும் தொத்தலையே?"

யஹைரா தலையை நிமிர்த்தி, தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். கடுகு அளவுக்குச் சின்னப் பள்ளம்.

"இது என்னன்னு தெரியுதா அத்தை? ஏழு வயசுல போட்ட சின்னம்மை. சொறியாதேன்னு எங்கம்மா கையைக் கட்டிப் போட்டாங்க. அப்பவும் சொறிஞ்சேன். ஒரு தடவை போட்டவங்களுக்கு உங்ககிட்டருந்து வராதாம். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எர்சிலியா அந்தத் தழும்பைப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மருமகள் சுருள் சுற்றக் குனியும்போது அது அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கும்.

"அப்ப அஞ்சு வாரமா நான்... சும்மாவா?"

"சும்மாவே."

"என் கால் வீங்கினது?" என்றார் எவாரிஸ்தோ.

முதலில் சிரித்தது எர்சிலியாதான். மெதுவாக ஆரம்பித்து, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். யஹைராவும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியவில்லை. யஹைரா கட்டிலில் உட்கார்ந்து, கம்பிகளை ஒதுக்கிவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டாள். நடுவில் அந்த வயிறு இருந்ததால் இருவரும் கொஞ்சம் வளைந்துதான் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எர்சிலியா அவள் முதுகில் தட்டிக்கொண்டே, எவ்வளவு மெலிஞ்சு போயிட்ட, அனுப்புனதையெல்லாம் யாருக்குக் கொட்டுன என்று திட்டினாள். அத்தனையும் தின்னேன், அழுதுகிட்டே தின்னேன் என்றாள் யஹைரா.

பக்கத்திலிருந்த இயந்திரம் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள். இதயம் பார்க்கும் வார்டில் யார் இப்படிச் சிரிக்கவைத்தது என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் காட்டினோம்.

"ஒருத்தர் மட்டும் இருக்கலாம். மத்தவங்க வெளிய போங்க. யார் இருக்கறது?"

எவாரிஸ்தோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். ராமிரோ எழுந்து நின்றான். ஒந்தினா முக்காலியை இழுத்து உட்காரவே தயாராகிவிட்டாள். மகள் என்ற உரிமையில் நானும்தான் நின்றேன்.

எர்சிலியா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மருமகளின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள்.

"என் மருமக இருப்பா. நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க."

ஒந்தினா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ராமிரோ முணுமுணுக்கவில்லை. வராந்தாவின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேசுவதை ஒருத்தி கேட்டதாகத் தெரியவில்லை.